பந்திக்கு முந்தியவரும் பிந்திப் பிறந்தவரும்: அமெரிக்க மாநிலங்கள் வேட்டை உரிமத்தைப் பங்கிடும் விதம்

வேட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் காட்சி குறிஞ்சி நிலமும், வில்லேந்திய வேட்டுவனும், தினைப்புனத்தில் புகுந்த பன்றியும்தான். சற்று அண்மைக் காலத்துக்கு வந்தால், தோட்டப்புறத்தில் தாத்தாமார்கள் சொல்லும் காட்டுப்பன்றிக் கதைகள் நினைவுக்கு வரும். ஆனால், இன்றைய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டை என்பது காட்டில் தொடங்குவதில்லை. ஒரு விண்ணப்பப் பாரத்தில் தொடங்குகிறது. பாரத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்திவிட்டு, குலுக்கல் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். 'இவ்வாண்டு உங்களுக்கு உரிமம் இல்லை' என்ற பதில் வரும். அடுத்த ஆண்டு மீண்டும் அதே பாரம், அதே பதில். இப்படியே இருபது ஆண்டுகளைக் கடத்தியவர்கள் அங்கே பலர் உண்டு.

நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. வேட்டையாடும் ஆசையும் எனக்கு இல்லை. பொருளாதார மாணவன் என்ற முறையில், பொதுச் சொத்தைப் பங்கிடும் முறைகளைப் பற்றிப் படித்தபோது இந்தச் செய்தி என் கண்ணில் பட்டது. பொருள் கொஞ்சம், கேட்பவர் அதிகம், விலையை ஏற்றி விற்கவும் மனமில்லை. அப்போது யாருக்குக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு மனிதர்கள் கண்டுபிடித்த விடைகள் அனைத்தையும் அமெரிக்க மாநிலங்கள் இந்த ஒரு துறையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டன எனலாம். ஒவ்வொரு விடைக்கும் மனம் புழுங்கும் ஒரு கூட்டமும் அங்கே இருக்கிறது. அவர்களுடைய புழுக்கத்தைப் புரிந்துகொண்டால், நம்மைச் சுற்றியுள்ள பல வரிசைகளையும் புரிந்துகொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டு விலங்கு யாருக்குச் சொந்தம்?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் நீண்ட காலம் வேட்டை என்பது அரசருக்கும் நிலக்கிழாருக்கும் உரிய சலுகையாக இருந்தது. அமெரிக்கா அந்த வழியை ஏற்கவில்லை. காட்டு விலங்கு எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமன்று. மக்கள் சார்பில் மாநில அரசு அதைப் பாதுகாக்கிறது என்ற கொள்கை அங்கே வேரூன்றியது. 1896இல் கியர் எதிர் கனெடிகட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்று, விலங்குகளை மாநிலத்தின் உடைமை போலவே கருதியது. 1979இல் ஹியூஸ் எதிர் ஓக்லஹோமா வழக்கில் அந்தத் தீர்ப்பு கைவிடப்பட்டது. எனினும், விலங்குகளைப் பாதுகாக்கவும் வேட்டையை ஒழுங்குபடுத்தவும் மாநிலங்களுக்குள்ள அதிகாரம் குறையவில்லை.

இந்த அதிகாரத்துக்குத் தேவையும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் இறகுக்காகவும் வணிகர்கள் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளினர். கோடிக்கணக்கில் இருந்த பைசன் எருமைகள் சில நூறாகச் சுருங்கின. எல்க் எனப்படும் பெரிய மானினமும் பல மாநிலங்களில் அடியோடு மறைந்தது. 1900இல் வந்த லேசி சட்டம், மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநில எல்லை கடத்தி விற்பதைக் குற்றமாக்கியது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே திருப்பிவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கு, அதன் நிலப்பரப்பையும் அங்கே உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. அது மட்டுமன்று, வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு எதற்கும் திருப்பக்கூடாது என்ற நிபந்தனையும் அச்சட்டத்தில் உண்டு.

இதன் பயனாக விலங்குகள் மீண்டன. இன்று வட அமெரிக்காவில் எல்க் மான்கள் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. ஆயினும், ஒவ்வொரு மலைப்பகுதியிலும் ஆண்டுக்கு எத்தனை விலங்குகளைக் கொல்லலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பல மாநிலங்களில் சில வகை உரிமங்களைக் கடையிலேயே பணம் கொடுத்து வாங்கலாம். நல்ல பகுதிகளுக்கும் அரிய விலங்குகளுக்கும் அப்படி முடியாது. பிக்ஹார்ன் எனப்படும் சுருள் கொம்புக் காட்டுச் செம்மறிக்கு ஒரு பகுதியில் ஆண்டுக்கு ஐந்தாறு உரிமங்கள் மட்டுமே தரப்படலாம். கேட்பவர்களோ ஆயிரக்கணக்கில். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அதிர்ஷ்டமா, காத்திருப்பா?

எளிய வழி குலுக்கல். ஐடஹோ, நியூ மெக்சிகோ, அலாஸ்கா ஆகிய மாநிலங்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. சென்ற ஆண்டு தோற்றீர்களா, பத்தாண்டாகத் தோற்றீர்களா என்ற கணக்கே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் முதல் ஆண்டிலேயே உரிமம் பெற்றுவிட, முப்பதாண்டு விண்ணப்பித்தவர் வெறுங்கையோடு நிற்கவும் நேரலாம். 'இத்தனை ஆண்டு பொறுமையாக இருந்தேனே, அதற்கு மதிப்பே இல்லையா?' என்று அவர் கேட்டால் என்ன விடை சொல்வது?

அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் முன்னுரிமைப் புள்ளி முறை. விண்ணப்பித்துத் தோற்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். அதிகப் புள்ளி உள்ளவருக்கே முதலில் உரிமம். கொலராடோ மாநிலம் எல்க், மான் உரிமங்களை நெடுங்காலமாக இவ்வழியில் பங்கிட்டு வந்துள்ளது. இது குலுக்கல் அன்று, வரிசை. முன்னால் நிற்பவருக்கு முதலில் கிடைக்கும். நம்மவர் சொல்லும் 'பந்திக்கு முந்து' என்பதன் சட்ட வடிவம் இது.

இரண்டுக்கும் நடுவே கலப்பு முறைகளும் உண்டு. நெவாடாவில் புள்ளியை இருமடியாக்கி ஒன்றைக் கூட்டுகிறார்கள். பத்துப் புள்ளி உள்ளவருக்குக் குலுக்கலில் 101 சீட்டுகள். புதியவருக்கு ஒரே ஒரு சீட்டு. புதியவர் வெல்ல வாய்ப்புண்டு, ஆனால் மிகச் சிறிய வாய்ப்பு. வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கான எல்க் உரிமங்களில் 75 விழுக்காடு புள்ளி வரிசைப்படியும் 25 விழுக்காடு குலுக்கல் முறையிலும் தரப்படுகின்றன. யூட்டாவில் சில வகை உரிமங்களைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கும் மறு பாதியைக் குலுக்கலுக்கும் விடுகிறார்கள்.

வரிசை நீளும் கணக்கு

இவற்றுள் புள்ளி வரிசைதான் மிக நியாயமானது என்று முதலில் நானும் எண்ணினேன். பேருந்து நிலையத்திலும் மருத்துவமனையிலும் வரிசையில் நிற்பதைத்தானே நாம் நாகரிகம் என்கிறோம்? ஆனால், தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு உண்மை தெரிகிறது. இது நானே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. எந்த மாநிலத்தின் புள்ளிவிவரமும் அன்று.

ஒரு மலைப்பகுதிக்கு ஆண்டுக்கு 10 உரிமங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் 30 புதியவர்கள் விண்ணப்பிக்கத் தொடங்குகிறார்கள். உரிமம் பெற்றவர் விலகிவிடுகிறார். மற்றவர் யாரும் மனம் தளர்ந்து விலகுவதில்லை. முதலாண்டு சேர்ந்த 30 பேருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் உரிமம் கிடைத்துவிடும். இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு 4, 5, 6ஆம் ஆண்டுகளில் கிடைக்கும். அவர்கள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு 7, 8, 9ஆம் ஆண்டுகளில். இப்படியே போனால், பத்தாம் ஆண்டு சேர்ந்தவருக்கு 28 முதல் 30ஆம் ஆண்டுக்குள் முறை வரும். அதாவது 18 முதல் 20 ஆண்டு காத்திருப்பு. இருபதாம் ஆண்டு சேர்ந்தவருக்கு 58 முதல் 60ஆம் ஆண்டுக்குள். காத்திருப்பு 38 முதல் 40 ஆண்டு.

கவனித்தீர்களா? ஓராண்டு பிந்திச் சேர்ந்தவர் இரண்டாண்டு கூடுதலாகக் காத்திருக்கிறார். வரிசை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால், அது நகர்வதைவிட வேகமாக அதன் வால் நீள்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதைப் புள்ளி ஊர்தல் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். சென்ற ஆண்டு 12 புள்ளி இருந்தால் போதும் என்றிருந்த பகுதிக்கு இவ்வாண்டு 13 வேண்டும். உங்களிடம் இப்போது 12 இருக்கிறது. அடுத்த ஆண்டு உங்களுக்கு 13 ஆகும்போது தேவை 14 ஆகியிருக்கும். எட்டிப் பிடிக்கப் போகும் நேரத்தில் ஏணி ஒரு படி உயர்ந்துவிடுகிறது.

அதே எடுத்துக்காட்டில் குலுக்கல் முறை இருந்தால் என்னவாகும்? பத்தாம் ஆண்டில் மொத்தம் 210 பேர் பெட்டிக்குள் இருப்பார்கள். எல்லாருக்கும் 21இல் ஒரு வாய்ப்பு; ஒன்பது ஆண்டு காத்தவருக்கும் அதே, அன்று சேர்ந்தவருக்கும் அதே. உரிமங்களின் எண்ணிக்கை இரண்டு முறைகளிலும் ஒன்றுதான். எந்த முறையும் ஒரு மானைக்கூடக் கூடுதலாகப் படைப்பதில்லை. முறை மாறும்போது மாறுவதெல்லாம் ஏமாற்றம் யார் தலையில் விழுகிறது என்பது மட்டுமே. குலுக்கலில் ஏமாற்றம் எல்லார் மீதும் பரவுகிறது. புள்ளி வரிசையில் அது பிந்திப் பிறந்தவர்கள் மீது குவிகிறது.

அறுபது வயதில் 25 புள்ளி வைத்திருக்கும் ஒருவர், அந்தப் புள்ளிகளை நேர்மையாகச் சேர்த்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பதினெட்டு வயதில் இன்று முதல் பாரத்தை நிரப்பும் இளைஞர் செய்த குற்றம்தான் என்ன?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. விண்ணப்பிப்பது எளிதானால் வரிசை நீளும். கொலராடோவில் முன்பு விண்ணப்பிக்கும்போதே முழு உரிமக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். தோற்றால் பணம் திரும்ப வரும். அவ்வளவு பெரிய தொகையை மாதக்கணக்கில் முடக்க முடியாத ஏழைகளுக்கு இது தடையாக இருந்தது. 2018இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். ஏழைகளுக்குக் கதவு திறந்தது உண்மை. அதே கதவு வழியாக, 'சும்மா போட்டு வைப்போமே' என்று எண்ணிய பெருங்கூட்டமும் உள்ளே வந்தது. மூஸ் மான், காட்டுச் செம்மறி, மலை ஆடு ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் திடீரெனப் பெருகின. நல்லெண்ணத்தில் செய்த மாற்றம், முன்பே நின்றவர்களின் வாய்ப்பைச் சுருக்கியது.

இத்தனைக்குப் பிறகும் முறையை மாற்றுவது ஏன் கடினம்? வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளின் ஒரு பகுதியை முதலீடு செய்திருக்கிறார்கள். நாளை காலை முதல் குலுக்கல் என்று அறிவித்தால், இருபதாண்டுப் புள்ளிகள் ஒரே நாளில் வெற்றுத்தாள் ஆகும். வரிசையில் இன்னும் சேராத சிறுவர்களுக்கோ பொது விசாரணைக் கூட்டங்களில் குரல் இல்லை. பல மாநிலங்கள் புள்ளிக்கே தனியாகக் கட்டணம் வாங்குகின்றன. உரிமம் கொடுக்காமலே வருவாய் வரும் ஒரு வழியை எந்தத் துறைதான் எளிதில் விட்டுவிடும்?

உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும்

அடுத்த மனத்தாங்கல் எல்லைக்கோடு பற்றியது. 1976இல் மொண்டானா மாநிலவாசி ஒருவர் எல்க் உரிமத்தை 9 டாலருக்கு வாங்கலாம். வெளிமாநிலத்தவர் எல்க் வேட்டையாட வேண்டுமானால் 225 டாலர் தந்து பல விலங்குகளுக்கான கூட்டு உரிமம் வாங்கியாக வேண்டும். இருபத்தைந்து மடங்கு! இதை எதிர்த்து ஒரு வேட்டை வழிகாட்டியும் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த சிலரும் வழக்குத் தொடுத்தனர். பால்ட்வின் எதிர் மொண்டானா மீன், வேட்டை ஆணையம் என்ற அவ்வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே நின்றது. எல்க் வேட்டை பொழுதுபோக்கு. அது எவருடைய வாழ்வாதாரமும் அன்று. ஆகவே எல்லா மாநிலத்தாரையும் சமமாக நடத்த வேண்டிய அடிப்படை உரிமைகளுள் அது அடங்காது என்பது தீர்ப்பின் சாரம்.

அரிசோனா மாநிலம் சில வகை உரிமங்களில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து விழுக்காடு என்று எல்லை வகுத்தது. அதை ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் கேள்விக்கு உட்படுத்தியது. மாநிலங்கள் பதறின. 2005இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி, மாநிலவாசிக்கும் மற்றவருக்கும் இடையே வேறுபாடு காட்டும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று உறுதிப்படுத்தியது. நியூ மெக்சிகோவில் குலுக்கல் உரிமங்களில் 84 விழுக்காடு மாநிலவாசிகளுக்கு. 10 விழுக்காடு வேட்டை வழிகாட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு. எஞ்சிய 6 விழுக்காடு மட்டுமே தாமாக வரும் வெளிமாநிலத்தவருக்கு.

வயோமிங்கின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே காட்டுச் செம்மறி உரிமங்களில் நான்கில் ஒரு பங்கும் மூஸ் மான் உரிமங்களில் ஐந்தில் ஒரு பங்கும் வெளிமாநிலத்தவருக்கு இருந்தன. 2022இல் இயற்றிய சட்டத்தின்படி 2023 முதல் இவை 90-10 என்று மாறின. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டணம் கட்டிப் புள்ளி சேர்த்தவர்கள், முறை வரப்போகும் நேரத்தில் தம் பங்கு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கியதைக் கண்டனர். விதியை நம்பிப் பணமும் காலமும் கொடுத்தவர்களுக்கு, ஆட்டத்தின் நடுவே விதி மாறியது. அவர்களுக்கு அந்த மாநிலத்தில் ஓட்டு இல்லை.

அவர்களின் வாதம் இதுதான்: நெவாடாவின் நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடும் வயோமிங்கின் நிலத்தில் ஏறத்தாழ பாதியும் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தம். எங்கள் வரிப்பணமும் அந்த மலையைக் காக்கிறது. நிலம் எல்லாருக்கும் பொது என்றால், அதில் மேயும் விலங்கு மட்டும் எப்படி உங்களுடையது? மாநிலவாசிகளின் மறுமொழியும் வலுவானதே: பனியிலும் வறட்சியிலும் இந்த விலங்குகளோடு வாழ்பவர்கள் நாங்கள். வேலி உடைந்தால் எங்கள் வேலி. பயிர் அழிந்தால் எங்கள் பயிர். ஒரு வாரம் வந்து போகிறவரும் நாங்களும் ஒன்றா? இரு தரப்பையும் கேட்டால் இரண்டும் நியாயமாகவே படுகின்றன. வயோமிங்கில் வேட்டை உரிம வருவாயில் பெரும்பங்கு வெளிமாநிலத்தவரிடமிருந்தே வருகிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். குறைந்த பங்கைப் பெறுகிறவரே பெரும்பணத்தைக் கட்டுகிறார்.

பணமும் நிலமும் காட்டும் குறுக்குவழி

வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு சிறு கதவு திறந்தே இருக்கிறது. பல மாநிலங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு உரிமங்களை ஏலத்தில் விடுகின்றன. 2013இல் மொண்டானாவின் ஒரே ஒரு காட்டுச் செம்மறி உரிமம் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் செம்மறிப் பாதுகாப்புக்கே செல்வதால், ஒரு விலங்கைக் கொடுத்துப் பல விலங்குகளைக் காக்கிறோம் என்பது ஆதரிப்போர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், செல்வருக்கு மட்டும் வரிசையே இல்லை என்ற காட்சி, வரிசையில் நிற்பவரின் நெஞ்சைச் சுடாமல் இருக்குமா?

வயோமிங்கில் இதன் மென்மையான வடிவம் இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்கான எல்க் உரிமங்களில் 40 விழுக்காட்டைச் 'சிறப்பு' என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு ஒதுக்குகிறார்கள். அதே மான், அதே மலை, அதே பருவம். விலை உயர்ந்ததால் கேட்பவர் குறைவு. ஆகவே பொதுவாக வாய்ப்பு அதிகம். நியூ மெக்சிகோவிலோ தகுதியுள்ள நில உரிமையாளர்களுக்கு எல்க் உரிமம் பெறுவதற்கான அனுமதிச் சீட்டுகள் தரப்படுகின்றன. அவற்றை அவர்கள் விரும்பிய விலைக்கு விற்கலாம். தன் புல்லைத் தின்னும் விலங்கைப் பொறுத்துக்கொள்பவருக்கு அது ஈடு என்கிறது அரசு. மக்கள் சொத்துக்குத் தனியார் விலை குறிக்கிறார்கள் என்கிறார்கள் எதிர்ப்போர். நிலக்கிழாரின் வேட்டைக்காட்டை வேண்டாமென்று ஒதுக்கிய நாட்டில், அது பின்வாசல் வழியாக மீண்டும் நுழைகிறதோ என்ற ஐயம் பலருக்கு உண்டு.

வரிசைக்கு வெளியே நின்றவர்கள்

இதுவரை சொன்னவை யாவும் வரிசைக்குள் நடக்கும் பூசல்கள். அந்த வரிசை உருவாகும் முன்பே அங்கு வேட்டையாடியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? 1868 உடன்படிக்கையில் குரோ பழங்குடியினர் தம் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தபோது, குடியேற்றம் நடக்காத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். வயோமிங் 1890இல் மாநிலமானதும் அந்த உரிமை முடிந்துவிட்டது என்று அம்மாநிலம் வாதாடியது. ஹெரேரா எதிர் வயோமிங் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த வாதத்தை மறுத்தது. மாநிலம் பிறந்ததால் உடன்படிக்கை இறந்துவிடாது என்பதே தீர்ப்பு.

அலாஸ்காவில் வேட்டை பலருக்கு இன்றும் சோற்றுப் பிரச்சினை. 1980இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், கூட்டாட்சி நிலங்களில் உணவுக்காக வேட்டையாடும் கிராமப்புற மக்களுக்கு முன்னுரிமை தந்தது. மாநிலமும் அவ்வாறே செய்தபோது, மாநில அரசியல் சட்டம் எல்லாரையும் சமமாக நடத்தச் சொல்கிறது என்று கூறி 1989இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அந்த முன்னுரிமையைத் தள்ளுபடி செய்தது. அதன் விளைவாக இன்றும் அங்கே கூட்டாட்சி நிலத்துக்கு ஒரு விதி, மாநில நிலத்துக்கு ஒரு விதி. பொழுதுபோக்குக்காக வருபவரையும் பசிக்காக வருபவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதும் 'சமம்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது! ஆகவே, யாரை யாரோடு சேர்த்து நிறுத்துகிறோம் என்பதே முதற்கேள்வி. குலுக்கலா, புள்ளியா என்பது அதற்கு அடுத்தது.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, மான் வேட்டைக்கும் மலேசியத் தமிழ் மாணவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டாம் ஆண்டில் விடுதி அறை வேண்டி மெரிட் புள்ளிக்காக ஓடி ஓடி நிகழ்ச்சிகளில் கையொப்பம் இட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! புள்ளி எதை அளக்கிறது? அறையின் தேவையையா, நிகழ்ச்சிகளுக்குச் செல்ல நேரம் இருந்ததையா? வார இறுதியில் பகுதி நேர வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவனுக்குப் புள்ளி குறைவு. அறையின் தேவையோ அவனுக்கே அதிகம். புள்ளி முறை கண்ணுக்குத் தெரியும் ஒன்றை அளந்துவிட்டு, அதையே தகுதி என்று பெயரிட்டுவிடுகிறது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, 90-10 என்ற எண்ணைக் கண்டதும் வயோமிங் நினைவுக்கு வரவில்லை. மெட்ரிகுலேஷன்தான் நினைவுக்கு வந்தது. பூமிபுத்ரா மாணவர்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற அந்த விகிதத்தை நம் வீட்டுக் கூடங்களில் பேசாத எஸ்.பி.எம். முடிவு நாள் உண்டா? 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் விகிதம் மாறவில்லை. 2024இல், 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று அரசு அறிவித்தது. அதுவரை தெரியாதிருந்த ஒன்று, அந்த மதிப்பெண் உள்ளவர்களுக்கு அன்று தெளிவானது: எந்தக் கோட்டைத் தொட்டால் கதவு திறக்கும் என்பது.

வேட்டைச் சீட்டையும் கல்விச் சீட்டையும் ஒரே தராசில் வைக்க நான் முயலவில்லை. பால்ட்வின் வழக்கில் நீதிபதிகள் பயன்படுத்திய அளவுகோலே அதற்குத் தடை: ஒன்று பொழுதுபோக்கு, மற்றொன்று வாழ்க்கை. வாழ்க்கையைத் தொடும் பங்கீட்டுக்கு இன்னும் கடுமையான நியாயம் வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நாம் பெறும் பாடம். எனினும், மனப்புழுக்கத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. தோற்றதற்காக மட்டும் மனிதன் அவ்வளவு வருந்துவதில்லை. குலுக்கலில் தோற்றவன் அடுத்த ஆண்டு மீண்டும் வருகிறான். எதனால் தோற்றோம் என்று தெரியாதபோதும், எவ்வளவு உழைத்தாலும் எட்டாத இடத்தில் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும்போதும், நம்பி நின்ற விதி நடுவில் மாறும்போதும்தான் அவன் கசந்து போகிறான்.

நம்மில் சிலர் நாளை அரசு ஊழியராவோம்; சிலர் உபகாரச் சம்பளக் குழுவில் அமர்வோம்; சிலர் கோயில் நிர்வாகத்திலோ தமிழ்ப்பள்ளி வாரியத்திலோ பொறுப்பேற்போம். இன்றே நம் மாணவர் இயக்கங்களில் பேருந்து இருக்கை முதல் மேடை வாய்ப்பு வரை பங்கிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இந்த முறை உண்மையில் எதற்குப் பரிசு தருகிறது: தேவைக்கா, திறமைக்கா, காலத்துக்கா, பணத்துக்கா, பிறந்த இடத்துக்கா? இன்று கடைசியில் வந்து சேர்பவருக்கு முறை வர எத்தனை ஆண்டாகும், அந்தக் கணக்கை அவரிடம் சொன்னோமா? நாளை விதியை மாற்றினால், நம்மை நம்பி ஏற்கெனவே நிற்பவர்களுக்கு என்ன ஈடு?

மூத்தவர்கள் சேர்த்த புள்ளிகளுக்கு மதிப்புத் தர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பந்தியில் முதலில் அமர்ந்தவர் எழுவதற்குள் பானை காலியாகிவிடும் என்றால், வாசலில் நிற்கும் பிள்ளையிடம் 'வரிசையில் நில்' என்று சொல்வது நியாயமாகாது. அவனுக்கென்று ஒரு பிடி சோற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டே பந்தியைத் தொடங்க வேண்டும். வயோமிங் வெளிமாநிலத்தவருக்காகக் குலுக்கலில் விட்டு வைத்திருக்கும் அந்த 25 விழுக்காடு அப்படிப்பட்ட ஒரு பிடிதான்.